பொய்ப்பல்லின் கதை: யார் வாயில் யார் பல்?

சுனாமிக்குப் பிறகு எங்கட வீட்டில் ஒரு பட்டியல் எழுதினார்கள். பெரியநீலாவணையில் கடற்கரைப் பக்கம் இருந்த எல்லா வீடுகளிலும் எழுதினார்கள். என்னென்ன போச்சு? அலுமாரி, தையல் மெசின், இரண்டு சைக்கிள், சட்டி பானை, காணி உறுதி, அடையாள அட்டை. வாப்பா சொல்லச் சொல்ல ஒரு அண்ணன் எழுதிக்கொண்டு போனார். எனக்கு அப்ப எட்டு வயசு. பக்கத்தில் உம்மம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்தா.

அந்தப் பட்டியலில் உம்மம்மாவின் பல் இல்லை.

2004 டிசம்பர் 26 காலையில் அது அலுமாரிக்குள்ள ஒரு எவர்சில்வர் கோப்பையில் இருந்தது. அலுமாரியோட அதுவும் போனது. இலங்கையிலேயே அதிகம் உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பக்கத்து வீடுகளில் மையத்துகள் கிடக்கும்போது "என்ட பல்லையும் காணல்ல" என்று யாரால சொல்ல முடியும்? உம்மம்மா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ஏழு வருஷம் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஏழு வருஷத்தைப் பற்றியது. ஆனா அதைப் புரிந்துகொள்ள நான் கொஞ்சம் சுற்றித்தான் போகவேண்டியிருந்தது. ஜப்பான், லண்டன், அமெரிக்கா, கம்பஹாவில் ஒரு பூங்கா என்று பொய்ப்பல்லைத் தேடிக்கொண்டு போனேன். போகப் போக ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: பல் யாருக்குக் கிடைத்தது? அது யாரிடமிருந்து வந்தது?

பல்லும் சொல்லும்

"பல்லு போனா சொல்லு போச்சு" என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். சும்மா எதுகைக்காகச் சொன்னது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தமிழில் த, ந இரண்டும் நாக்கு மேல்பல்லின் அடியில் போய்ப் படுவதால் பிறப்பவை. வ பிறக்க மேல்பல்லும் கீழ் உதடும் சேரவேண்டும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. ப, ம மாதிரி உதட்டெழுத்துகள் பல் இல்லாவிட்டாலும் தப்பிக்கும். த, ந, வ தப்பிக்காது.

அரபு எழுத்துகளில் இது இன்னும் கண்டிப்பு. நாக்கு நுனியை மேல் முன்பல்லின் விளிம்பில் வைத்துச் சொல்லவேண்டிய எழுத்துகள் மூன்று இருக்கின்றன. ஃபா என்ற எழுத்துக்கு மேல்பல் கீழ் உதட்டில் படவேண்டும். குர்ஆன் ஓதப் பழகிய எவருக்கும் மக்ரஜ் என்றால் என்னவென்று தெரியும். எழுத்து பிறக்கிற இடம் மாறினால் எழுத்தே மாறும். எழுத்து மாறினால் பொருள் மாறும்.

உம்மம்மா எங்கட தெருப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவ. மஃரிபுக்குப் பிறகு முன் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். நானும் அதில் ஒருத்தி. சுனாமிக்குப் பிறகு திண்ணை இல்லை, கிதாபு இல்லை. அதெல்லாம் மறுபடி வந்தது. ஆனா உம்மம்மா மறுபடி ஓதிக்கொடுக்கவில்லை. "மனசு சரியில்ல" என்றா. மனசுதான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

பொன்னும் மரமும்

போன பல்லுக்குப் பதில் பல் வைக்கவேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. இன்றைய இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் 2,500 வருஷத்துக்கு முன்பே பொன் பட்டியால் பல்லைக் கட்டினார்கள். ஸ்பெயினின் கொர்தோபாவில் வாழ்ந்த அறுவை வைத்தியர் அஸ்ஸஹ்றாவி, சுமார் 1000ஆம் ஆண்டில், ஆடுகிற பல்லைப் பொன் கம்பியால் பக்கத்துப் பல்லோடு பிணைக்கும் முறையைப் படத்தோடு எழுதினார். விழுந்த பல்லுக்குப் பதிலாக மாட்டெலும்பில் பல் செதுக்கி வைக்கலாம் என்பதும் அவர் நூலில் இருக்கிறது.

ஏன் எல்லோரும் பொன்னைத் தேடினார்கள்? எச்சிலில் கறுக்காது, துருப்பிடிக்காது, நாறாது. நம்ம ஊரில் ஆண்கள் பொன்பல் கட்டலாமா கூடாதா என்ற பேச்சு வந்தால் பெரியவர்கள் எடுத்துச் சொல்லும் அர்ஃபஜாவின் ஹதீஸும் இதைத்தான் காட்டுகிறது. போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியில் மூக்கு வைத்தார், அது நாறியது, பொன்னில் வைத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இருக்கிற செய்தி இது. உலோகத்தின் குணம் மார்க்கச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது.

இந்தியாவில் கன்னோஜி மன்னன் ஜெயச்சந்திரன் 1194இல் போரில் இறந்தபோது, பொன்னால் பொருத்தியிருந்த பொய்ப்பல்லை வைத்துத்தான் உடலை அடையாளம் கண்டார்கள் என்று பிற்காலப் பாரசீக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பேர் செத்துக்கிடந்த போர்க்களத்தில் பொய்ப்பல் அடையாளமாக இருந்ததென்றால், அது அரசன் வாயில் மட்டும்தான் இருந்திருக்கும்.

சாதாரணப் பொருளில் சாமர்த்தியமாகச் செய்தவர்கள் ஜப்பான்காரர்கள். வாகயாமாவில் 1538இல் இறந்த நகாஓகா தெய் என்ற பெண் துறவியின் பல்செட் இன்றைக்கும் இருக்கிறது. முழுக்க மரம். பொன்னும் இல்லை, கம்பியும் இல்லை. தேன்மெழுகில் வாயின் அச்சை எடுத்து, அதுக்கு ஏற்ற மாதிரி மரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். அண்ணத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் எச்சிலின் மெல்லிய படலமே பல்செட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு ஈரக் கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்கிற மாதிரி. இன்றைய மேல்செட் நிற்பதும் இதே முறையில்தான்.

நம்ம பக்கத்தில்? பாக்கு உரலைத்தான் நான் நம்மட முதல் பொய்ப்பல் என்று சொல்வேன். சிரிக்காதீங்க. பல் போன பிறகு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பைப் போட்டு இடித்து, மென்று முடித்த நிலையில் வாய்க்குள்ள வைப்பதற்கு ஒரு கருவி. வாயால் செய்யவேண்டிய வேலையைக் கை செய்கிறது. உம்மம்மாவிடமும் ஒன்று இருந்தது. ஆனா உரல் மெல்லும். ஓதாது.

செத்தவன் பல்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சீனி மலிந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் வெட்டிய கரும்பு, பணக்காரர் வாய்களைச் சொத்தையாக்கியது. பல் கட்டுவது ஒரு தொழிலானது. பாரிஸில் பியர் ஃபொஷார் 1728இல் பல் வைத்தியத்துக்கென்றே பெரிய நூல் எழுதினார். மேல்செட்டையும் கீழ்செட்டையும் சுருள்வில்லால் இணைப்பது அவர் காலத்து முறை. வில் இரண்டையும் எந்நேரமும் தள்ளிக்கொண்டே இருக்கும். வாயை மூடி வைப்பதற்கே பலம் வேண்டும்.

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் அப்படித்தான் வாழ்ந்தார். 1789இல் பதவியேற்றபோது அவருக்குச் சொந்தப் பல் ஒன்றே ஒன்று மிச்சம். மரப்பல் கட்டியிருந்தார் என்று நாம படித்த கதை பொய். நீர்யானைத் தந்தம், மனிதப் பல், ஈயம், பித்தளை, பொன் இதெல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய செட்டுகள்.

அந்த மனிதப் பல் யாருடையது? அவருடைய தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் 1784 மே மாதத்தில் ஒரு வரி இருக்கிறது. கறுப்பு அடிமைகளிடம் 9 பல் வாங்கியதுக்கு 6 பவுண் 2 சிலிங். அந்தப் பற்கள் அவர் வாய்க்குத்தான் போயின என்று கணக்குப் புத்தகம் சொல்லவில்லை. விற்றவர்களின் பெயரையும் சொல்லவில்லை. காசு கொடுத்தார்தானே என்று நீங்கள் கேட்கலாம். தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாத ஒருவரிடம் "விருப்பமா?" என்று கேட்பதில் என்ன இருக்கிறது?

பிறகு 1815 ஜூன் 18. வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றார். களத்தில் கிடந்த இளம் வீரர்களின் வாய்களில் நல்ல பற்கள் இருந்தன. குறடோடு வந்தவர்கள் பிடுங்கிக்கொண்டு போனார்கள். லண்டனில் தந்தத் தகட்டில் பொருத்தி விற்றார்கள். "வாட்டர்லூ பல்" என்பது பிறகு வியாபாரப் பெயராகவே நிலைத்தது.

இதில் இன்னொரு விஷயம்: தந்தமும் செத்தவன் பல்லும் வாய்க்குள் அழுகும். பல் மாதிரியே அதுவும் உயிர்ப்பொருள்தானே. நாற்றம் தாங்காமல்தான் பாரிஸில் பீங்கான் பல் பிறந்தது. நிக்கொலா துபுவா த ஷெமோன் 1789இல் அதுக்குக் காப்புரிமை எடுத்தார். பீங்கான் அழுகாது. ஆனா தட்டினால் சத்தம் போடும், விழுந்தால் உடையும். விலையும் ஏழைக்கு எட்டாது.

றப்பர் பால்

ஏழைகளின் வாய்க்குப் பல் வந்தது ஒரு மரத்தின் பாலால்.

சார்ல்ஸ் குட்இயர் 1839இல் றப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உருகாத, ஒட்டாத பொருளாக மாறும் என்று கண்டுபிடித்தார். கந்தகத்தைக் கூட்டினால் கல்லு மாதிரி இறுகும். அவருடைய தம்பி நெல்சன் 1851இல் அதுக்குக் காப்புரிமை எடுத்தார். இந்த இறுகிய றப்பரை வாயின் அச்சுக்கு அப்படியே வார்க்கலாம். பொன்னும் தந்தமும் தேவையில்லை. இதே காலத்தில், 1840களில், மயக்க மருந்தும் வந்தது. வலியில்லாமல் பல்லைப் பிடுங்கலாம், மலிவாகக் கட்டலாம். சாதாரண மனிதர் பல் கட்டுவது அப்போதுதான் தொடங்கியது.

உடனே காசு பார்க்கவும் ஆள் வந்தது. றப்பர் பல்செட்டின் காப்புரிமையை வைத்திருந்த அமெரிக்கக் கம்பனி, ஒவ்வொரு பல் வைத்தியரிடமும் வருஷக் கட்டணம், ஒவ்வொரு செட்டுக்கும் தனிக் கட்டணம் என்று கேட்டது. கொடுக்காதவர்கள் மேல் வழக்குப் போட்டது. கடைசியில் 1879 ஏப்ரல் 13ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் சாமுவெல் சல்ஃபன்ட் என்ற பல் வைத்தியர், கம்பனியின் பொருளாளர் ஜொசாயா பேக்கனைச் சுட்டுக் கொன்றார். இரண்டு வருஷத்தில் காப்புரிமைக் காலம் முடிந்தது, விலை விழுந்தது. கொலையை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. ஏழை வாய்க்குள் போகிற பொருளுக்கு வாசலில் ஒருவர் காவல் இருந்து காசு பறித்த கதை எவ்வளவு பழையது என்று காட்டத்தான்.

கட்டணத்தைக் கொடுக்க விரும்பாதவர்கள் செலுலொய்டை முயன்று பார்த்தார்கள். 1870இல் அமெரிக்காவின் ஹயட் என்பவர் அதுக்கென்றே கம்பனி தொடங்கினார். ஆனா செலுலொய்ட் பல்செட்டில் கற்பூர வாசம். சூடாகக் குடித்தால் வளைந்தது. தேத்தண்ணி குடிக்க முடியாத பல்லை எங்கட ஊரில் யார் வாங்குவார்?

இப்ப நம்ம நாட்டுக்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 றப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் 1,919 கன்றுகள் அதே வருஷம் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. நட்ட இடம் கம்பஹாவின் ஹெனரத்கொட பூங்கா. அங்கிருந்தும் ஆசியாவின் றப்பர் தோட்டங்கள் விரிந்தன. 1913 அளவில் தோட்ட றப்பர் அமேசன் காட்டு றப்பரை முந்திவிட்டது. மலாயாவின் தோட்டங்களிலும் இங்கே களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களிலும் விடியமுன் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெரும்பகுதி. அந்தப் பாலில் டயர் செய்தார்கள், சப்பாத்து செய்தார்கள். அடுத்த இருபது முப்பது வருஷம் உலகத்தின் பொய்ப்பற்களுக்கும் அதே பால்தான் போனது. வெட்டியவர்களின் வாயில் பல் இருந்ததா என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதவில்லை.

யுத்தவிமானக் கண்ணாடி

இன்றைக்கு உங்கள் வீட்டுப் பெரியவர் போட்டிருக்கிற ரோஸ் நிறச் செட், 1937 அளவில் வந்த அக்ரிலிக். இரண்டாம் உலகப்போரில் யுத்தவிமானங்களின் கூரைக்கண்ணாடி செய்த அதே பிளாஸ்டிக். விமானிகளின் கண்ணுக்குள் போன சிதறல்களை உடம்பு எதிர்க்கவில்லை என்பதைக் கவனித்த ஹரல்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் அதே பொருளில் வில்லை செய்து கண்ணுக்குள் வைத்தார். கட்ராக் ஒப்பரேஷனுக்கு வில்லை வைப்பது அப்படித் தொடங்கியது. பார்வையும் பல்லும் ஒரே பிளாஸ்டிக்கிலிருந்து திரும்பி வந்தன.

வாயின் அச்சை எடுக்க, பிசைந்து வைக்கிற குளிர்ந்த பசை ஒன்று இருக்குமே, அதுவும் போரின் பிள்ளைதான். முன்பு ஜப்பானிலிருந்து வந்த கடற்பாசி அகார் போரால் நின்றுபோனது. வேறு பாசிகளிலிருந்து அல்ஜினேட் எடுத்துச் சமாளித்தார்கள். அதுவே நிலைத்தது.

ஆனா மலிவான பொருள் வந்தால் மட்டும் போதாது. யாராவது "இது எல்லோருக்கும்" என்று சொல்லவேண்டும். பிரித்தானியா 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி, பல்செட்டையும் மூக்குக்கண்ணாடியையும் இலவசமாகக் கொடுத்தது. வருஷக்கணக்கில் பல் இல்லாமல் இருந்தவர்கள் அலைமோதி வந்தார்கள். எதிர்பார்த்ததை விடச் செலவு பல மடங்கு. 1951இல் அரசு இரண்டுக்கும் கட்டணம் வைத்தது. அந்த சேவையை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் பதவியை விட்டார். ஒரு நாட்டின் அமைச்சரவை பொய்ப்பல்லுக்காக உடைந்தது என்று படித்தபோது முதலில் சிரித்தேன். மறுகா உம்மம்மா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு இருந்தது ஞாபகம் வந்தது.

எங்கட பக்கம்

தெற்காசியாவில் முதல் பல் வைத்தியக் கல்லூரியை 1920இல் கல்கத்தாவில் தொடங்கியவர் டொக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, சொந்தக் காசைப் போட்டு நடத்தினார். இலங்கையில் பல் வைத்தியப் படிப்பு 1943இல் கொழும்பில் தொடங்கி, 1954இல் பேராதனைக்குப் போனது. அங்கே ஜப்பானின் உதவியோடு பெரிய போதனா வைத்தியசாலை 1998இல் வந்தது.

பட்டம் பெற்ற வைத்தியர் கைக்கெட்டாத காலத்தில் பல் கட்டியவர்கள் வேறு. சீனாவின் ஹுபெய் மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் கல்கத்தா, சென்னை, இலங்கையின் நகரங்கள் என்று பரவி, தகப்பனிடமிருந்து மகன் என்று இந்தத் தொழிலைச் செய்தன. "சீனப் பல்லுக்காரர்" என்றால் வயதானவர்களுக்கு இன்றைக்கும் புரியும்.

எங்கட ஊர் அம்பாறை மாவட்டத்தின் வடக்கு எல்லை. மருதமுனையைத் தாண்டினால் நாங்கள், எங்களைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். யுத்த காலத்தில் அந்தப் பாதையில் போய்வருவதே ஒரு பயம். 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து பாதை இலகுவானதும், சவூதியில் இருந்த மாமா காசு அனுப்பினார். பட்டணத்தில் ஒரு தனியார் இடத்தில் 2003இல் உம்மம்மாவுக்குப் பல் கட்டினோம்.

ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை அது. அச்செடுக்க ஒரு நாள். மெழுகுக் கட்டையைக் கடிக்கவைத்து மேல்தாடையும் கீழ்த்தாடையும் சந்திக்கிற உயரத்தை அளக்க ஒரு நாள். மெழுகில் பல்லை நட்டு முகத்துக்கும் பேச்சுக்கும் பொருந்துதா என்று பார்க்க ஒரு நாள். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் வைத்து அவித்துத் தருவார்கள். ஜப்பான் துறவியின் தேன்மெழுகு இன்னும் போய்விடவில்லை.

தந்தபோது யாரும் சொல்லாத ஒன்று இருந்தது: புதுச்செட் முதல் வாரங்களில் கடிக்கும், புண்ணாக்கும். அதைத் திரும்பக் கொண்டுபோய் அந்த இடத்தை ராவிச் சரிசெய்யவேண்டும். உம்மம்மா போகவில்லை. "நோவுது, ஆனா பழகிரும்" என்றா. ஓதிக்கொடுக்கிற நேரத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் போட்டா. மற்ற நேரம் கோப்பைக்குள். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அது வாயில் இல்லை.

ஏழு வருஷம்

பல் போனால் தாடையெலும்பும் மெல்ல மெல்லக் கரையும். வேருக்கு வேலை கொடுத்த எலும்பு, வேர் இல்லாவிட்டால் சுருங்கும். இது சாகும்வரை நிற்காது. கீழ்த்தாடையில் இன்னும் வேகம். அதனால்தான் நல்ல செட்டே சில வருஷங்களில் லூசாகும். உள்பக்கம் புதுசாக நிரப்பவேண்டும், அல்லது புதுசாகக் கட்டவேண்டும். எத்தனை வருஷம் தள்ளிப்போடுகிறோமோ அத்தனைக்குக் கட்டுவது கஷ்டமாகும்.

எங்களுக்கு இது தெரியாது. கஞ்சி, குழைத்த சோறு, பாலில் ஊறின பிட்டு என்று உம்மம்மா சமாளித்தா. இறைச்சியை விட்டா. பேச்சைக் குறைத்தா. 2011இல் ஒரு நாள் என் தங்கச்சி ஓதிக்கொண்டிருக்கும்போது ஒரு எழுத்தைப் பிழையாகச் சொன்னாள். உம்மம்மா திருத்தப் போய், தன் வாயிலும் அது வராமல், எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. அப்பத்தான் உம்மாவுக்கு விளங்கியது. மனசு இல்லை. பல்.

"எனக்கு என்னத்துக்கு இப்ப பல்லு? மவுத்தாகுற வயசில," என்று உம்மம்மா மறுத்தா.

"ஓதிக் குடுக்கிறதுக்கு," என்று உம்மா சொன்னா. அதுக்கு உம்மம்மாவிடம் பதில் இல்லை.

ஒரு அரச ஆஸ்பத்திரிக்குப் போனோம். இலவசமாகப் பார்த்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். ஆனா அங்கே பல் பிடுங்குவார்கள், அடைப்பார்கள், செட் கட்டுவதில்லை. கட்டுகிற இடம் தூரம், நாலைந்து தடவை போகவேண்டும், வரிசை நீளம். வயதான ஒருவரைக் கூட்டிக்கொண்டு நாலைந்து தடவை போவதற்கு ஒருவர் கூலியை விடவேண்டும். கடைசியில் கடன் வாங்கித் தனியாரிடம் கட்டினோம். நம்ம ஊரில் பல்லைப் பிடுங்குவது இலவசம். திரும்ப வைப்பதுதான் காசு.

கீழ்செட் நிற்கவே இல்லை. தாடையில் பிடிக்க எலும்பு இல்லை. மேல்செட் நின்றது. ஃபாவுக்கு மேல்பல் போதும்.

கோப்பையும் தண்ணியும்

இந்தத் தடவை பராமரிப்பைச் சரியாகக் கேட்டு எழுதினோம். ஒவ்வொரு விதிக்கும் அந்தப் பொருளே காரணம் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. உங்களுக்கும் பயன்படும்.

இரவில் கழற்றவேண்டும், முரசுக்கு ஓய்வு தேவை. எந்நேரமும் போட்டுக்கொண்டே இருந்தால் அண்ணத்தில் பூஞ்சை வந்து சிவக்கும். கழற்றியதைத் தண்ணிக்குள் வைக்கவேண்டும். காய்ந்தால் அக்ரிலிக் உருவம் மாறும். சுடுதண்ணி கூடாது, வளையும். மெல்லிய பிரஷும் சாதாரண சோப்பும் போதும். பற்பசை, பற்பொடி, கரி எதுவும் வேண்டாம். அவை அக்ரிலிக்கைக் கீறும், கீறலுக்குள் அழுக்கும் கிருமியும் குடியேறும். கழுவும்போது கீழே தண்ணி நிரப்பிய பேசின் ஒன்றை வைக்கவேண்டும், கை வழுக்கினாலும் உடையாது. உடைந்தால் கடையில் விற்கிற பசையால் ஒட்டக்கூடாது. முரசையும் நாக்கையும் துடைக்கவேண்டும். பல் இல்லாவிட்டாலும் வாய் இருக்கிறதுதானே.

புதுசாகப் போடுபவர்கள் சின்னத் துண்டாக, இரண்டு பக்கமும் மென்று பழகவேண்டும். சொந்தப் பல்லின் பலத்தில் காற்பங்கு அளவுதான் கிடைக்கும். சத்தமாக வாசித்துப் பழகினால் பேச்சு சீக்கிரம் திரும்பும். ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், அதுவும் வெற்றிலை போடுபவராக இருந்தால், "செட் உரசுது" என்று விடாமல் உடனே காட்டவேண்டும். புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கும்.

உம்மம்மா சத்தமாக வாசித்துப் பழகத் தங்கச்சியின் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்தா. ஒரு மாசம் கழித்து இரண்டு பிள்ளைகள் ஓத வந்தார்கள். பிறகு ஐந்து. முன்பு மாதிரிப் பன்னிரண்டு வரவில்லை. எட்டு வருஷம் அப்படி நடந்தது.

2019இல் மவுத்தானா. குளிப்பாட்டிய பெண்கள் மேல்செட்டைக் கழற்றி, ஒரு லேஞ்சியில் சுற்றி உம்மாவிடம் கொடுத்தார்கள். அது இன்னும் எங்கட வீட்டில் இருக்கிறது. வேறு யாருக்கும் பொருந்தாத பொருள். அடிமையின் பல்லையும் செத்த வீரனின் பல்லையும் இன்னொருவர் வாயில் வைத்த காலத்திலிருந்து, ஒருவருக்கென்றே அளந்து செய்து அவரோடு முடிந்துபோகிற பல் வரைக்கும் உலகம் வந்திருக்கிறது. அதை எங்கட ஊர் வரைக்கும், கடன் வாங்காத விலையில் கொண்டுவருவதுதான் மிச்சம். மாவட்டத்துக்கு ஒரு ஆய்வுகூடமும் ஒரு தொழில்நுட்பவியலாளரும் போதுமா, இரண்டு வேண்டுமா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கு. ஆனா அதுக்கு முதல் பல் இல்லாதவர்களை நாம எண்ணவேண்டும். எண்ணுவதென்றால் முதலில் பார்க்கவேண்டும்.

அவர்களாகச் சொல்லமாட்டார்கள். "பல்லு வேணுமா?" என்று நேரே கேட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். வேறு மாதிரிக் கேளுங்கள். இன்றைக்கு இரவு உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, கடைசியாகக் கச்சான் தின்றது எப்ப என்று கேட்டுப் பாருங்கள்.